பதினேழாம் தொகுதியின் ஓரங்கள்

வெள்ளிக்கிழமையானால் வைசாகே லாமியிலிருந்து பேருந்து பிடித்துத் தலைநகர் சுவாவுக்கு வந்துவிடுவார். சந்தையில் மரவள்ளிக் கிழங்கு வாங்கப் போவதாக வீட்டில் சொல்வார், வாங்கவும் செய்வார். லாமியிலேயே நல்ல கிழங்கு கிடைக்கும் என்பது அவர் மனைவி வாசெமதாவுக்கும் தெரியும். ஆனாலும் அவள் ஒன்றும் கேட்டதில்லை. கேட்டால் மகனின் பெயரைச் சொல்ல வேண்டிவரும். அந்த வீட்டில் அந்தப் பெயரை இருவருமே கவனமாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பல்கலைக்கழக நூலகத்தின் வாசலில் காவலாளி நெமானி உட்கார்ந்திருப்பான். அவனுடைய ஊருக்கும் வைசாகேயின் தீவுக்கும் முன்னோர் காலத்திலிருந்தே கேலி முறை. எதிர்ப்பட்டால் ஒருவரையொருவர் வம்புக்கு இழுக்காமல் போவதுதான் மரியாதைக் குறைவு.

"வாங்க மச்சான். இந்த வாரமும் பரீட்சைக்குப் படிக்கணுமா? எந்த வருஷம்தான் பாஸ் பண்றதா உத்தேசம்?"

"உங்க ஊர்ல ஒருத்தன் எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். அன்னிக்கு நான் நிறுத்திக்கறேன்."

"கிழங்குப் பைய இங்க வெச்சுட்டுப் போங்க. நான் எடுத்துத் தின்னா அது என் உரிமை, சொல்லிட்டேன்."

பையை அவன் காலடியில் வைத்துவிட்டு வைசாகே இரண்டாம் மாடிக்கு ஏறினார். ஏறிய பிறகு முகத்தில் சிரிப்பு இருக்காது. மீன்வள இதழ்கள் இருந்த அலமாரி கடல் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில். பச்சைத் துணி அட்டை போட்டுக் கட்டிய தொகுதிகள், முதுகில் தங்க எழுத்து. அவற்றில் பதினேழாவதை இழுத்து, ஜன்னலோர மேசையில் வைத்து, நடுவில் ஓரிடத்தில் திறப்பார். பக்கம் தேட வேண்டியதில்லை. அவர் கை வைத்தால் அதுவாகவே அங்கே திறக்கும்.

படகு இரைச்சலும் பவளப்பாறை மீன்களும் பற்றிய கட்டுரை அது. அந்தக் கட்டுரையை எழுதியவர் யார், என்ன கண்டுபிடித்தார் என்பதெல்லாம் வைசாகேக்கு அவ்வளவாகப் பொருட்டில்லை. அவர் பார்க்க வந்தது ஓரங்களை. ஓரம் முழுக்கப் பென்சில் எழுத்து. 'இது எங்கள் கடலுக்குப் பொருந்தாது' என்று ஓரிடத்தில். 'வேலை நன்று, வரைபடம் மோசம்' என்று இன்னோரிடத்தில். ஒரு முழுப் பத்திக்குப் பக்கத்தில் வெறும் கேள்விக்குறி, கோபமாக. எல்லாம் ஆங்கிலத்தில். ஒரே ஒரு வரி மட்டும் தாய்மொழியில், பக்கத்தின் அடியில்: 'இஞ்சின் சத்தம் - அப்பாவைக் கேட்கணும்.'

எழுதியவன் எமோரி. அவருடைய ஒரே மகன். கடல் அட்டைகளைக் கணக்கெடுக்கக் கண்ணாடியிழைப் படகில் கடாவுத் தீவுப் பக்கம் போனவன், காற்று திரும்பிய ஒரு சாயங்காலம் கரைக்கு வரவில்லை. படகு கவிழ்ந்த நிலையில் கிடைத்தது. அவன் கிடைக்கவே இல்லை. ஊரில் சும்மா விடுவார்களா, மண் போடாமல் துக்கம் முடியாது என்றார்கள். உடல் இல்லாத பெட்டியை வெறுமையாக மூட வாசெமதாவுக்கு மனம் வரவில்லை. அவனுடைய சட்டைகள், ரக்பி காலணி, பல்கலைக்கழக நோட்டுகள் என்று கைக்கு வந்ததையெல்லாம் உள்ளே அடுக்கினாள். அந்த நேரத்தில் யாருக்கும் தடுக்கத் தோன்றவில்லை. எல்லாம் அடங்கி வீடு ஓய்ந்த பிறகுதான், மகன் கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டுகூட மிஞ்சவில்லை என்று வைசாகேக்கு உறைத்தது.

அவன் இரவல் வாங்கியிருந்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வந்த அன்றுதான் இது கிடைத்தது. 'ரெண்டாம் மாடி, ஜன்னலோரம், அதுதான் என் இடம்' என்று அவன் வீட்டில் பெருமையடித்தது நினைவுக்கு வர, அந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஏறினார். பக்கத்து அலமாரியில் கைக்கு வந்த தொகுதியை உருவிப் புரட்டினார். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எமோரிக்கு அழுத்தி எழுதும் பழக்கம். பள்ளிக்கூட நாளில் அவன் ஒரு பக்கம் எழுதினால் நோட்டின் மறுபக்கம் புடைத்துக்கொண்டிருக்கும், வாத்தியார் திட்டுவார். அந்த அழுத்தம் அப்படியே இருந்தது. விரலை வைத்தால் எழுத்து தட்டுப்பட்டது.

அன்று தொடங்கிய வெள்ளிக்கிழமைகள்தான் இவை.

யாரிடமும் அவர் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இருந்தது. இதழ்ப் பிரிவைப் பார்த்துக்கொண்ட பிரவீணா லதாவுக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'ரப்பர் மேடம்'. ராக்கிராக்கி ஊர்க் கரும்புக்காட்டுப் பெண். வேலையில் சுத்தம், மனசிலும் சுத்தம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெள்ளை அழிரப்பர் இருக்கும். புத்தகத்தில் கோடு கிழித்தவனைக் கண்டால் பேய் பிடித்தவள் மாதிரி ஆகிவிடுவாள். திரும்பி வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் ஒரு புரட்டுப் புரட்டி, பென்சில் தென்பட்டால் அங்கேயே உட்கார்ந்து அழித்துவிட்டுத்தான் மறுவேலை. வைசாகே ஒரு தடவை தூரத்திலிருந்து அதைப் பார்த்திருக்கிறார். தேய்த்த துகளை அவள் ஊதித் தள்ளியபோது அவர் அங்கிருந்து நகர்ந்துவிட்டார். நகல் எடுக்கலாம் என்றால் இயந்திரம் அவள் மேசைக்கு அருகில், எடுத்துக் கொடுப்பதும் அவளுடைய ஆட்கள். கைப்பேசியில் படம் பிடிக்கலாம் என்றால் அவரிடம் இருந்ததோ பொத்தான் வைத்த பழைய பேசி. எதற்கு வம்பு என்று அவர் வந்த சுவடு தெரியாமல் வந்து போனார்.

படித்து முடித்ததும் தொகுதியை எடுத்த இடத்திலேயே, பக்கத்துத் தொகுதிகளோடு முதுகு சமமாக நிற்கும்படி வைத்துவிடுவார். அது பயத்தால் மட்டுமல்ல. வாலு பே துறைமுகக் கப்பல் பட்டறையில் இஞ்சின் பிரித்துப் பூட்டிய கை அது. எடுத்த ஸ்பேனர் திரும்ப அதன் ஆணியில் தொங்கினால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். தொங்காத ஸ்பேனர் இஞ்சினுக்குள்ளேயே கிடக்கலாம், நடுக்கடலில் அது உயிர்ப் பலி கேட்கும். ஒவ்வொரு மேசையிலும் 'படித்த இதழ்களை அலமாரியில் வைக்காதீர்கள், மேசையிலேயே விட்டுச் செல்லுங்கள்' என்று ஒரு அட்டை ஒட்டியிருந்தது. சோம்பேறிப் பையன்களுக்குச் செல்லம் கொடுக்கிறார்கள் என்று வைசாகே எண்ணிக்கொண்டார். சாப்பிட்ட தட்டை மேசையில் விட்டுவிட்டு எழுந்து போகும்படி அவரை யாரும் வளர்க்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாடி ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார். அலமாரி முழுக்கச் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பச்சை முதுகிலும் ஒரு பொட்டு, பதினேழிலும் ஒன்று.

அவர் அந்த நூலகத்தில் அதுவரை யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. அன்று நேராகப் பிரவீணாவின் மேசைக்குப் போனார்.

"அம்மாடி, அந்தப் பொட்டு எதுக்கு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலோரம் உட்காரும் பெரியவர் என்று முகம் மட்டும் தெரியும். "உக்காருங்க மாமா. அதெல்லாம் போகப்போகுது. இனிமே எல்லா இதழும் கம்ப்யூட்டர்லதான். காகிதத்துல வாங்கறதை நிறுத்தியாச்சு. பழசையும் வெச்சுக்க இடமில்லன்னு புது இயக்குநர் சொல்லிட்டார். அங்க மெத்தை நாற்காலி போட்டுப் பசங்க கூடிப் பேசறதுக்கு இடம் பண்றாங்களாம்."

"பேசறதுக்கு எதுக்கும்மா நூலகம்?"

"அத நானும் கேட்டேன். என்னைப் பழைய பஞ்சாங்கம்னு சொல்லாம சொன்னாங்க."

அவளுக்கு அதில் வருத்தம் இருந்தது. வாங்கிய இதழ் நூலகத்தின் சொத்து, யாரும் வந்து பிடுங்க முடியாது. இப்போது வருவதோ வாடகை வீடு. பணம் கட்டுகிறவரைக்கும் கதவு திறந்திருக்கும், ஒரு வருஷம் கட்டத் தவறினால் பழைய வருஷங்களும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். இதைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் திரையில் வந்த வண்ணப் படங்களைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். தோற்றுப்போன பிறகு, எடுத்த வேலையைக் குறையில்லாமல் முடிப்போம் என்று அவளே பொட்டு ஒட்ட ஆரம்பித்துவிட்டாள். அவள் சுபாவம் அது.

"எல்லாமே போகுதா?" என்றார் வைசாகே.

"எல்லாமும் இல்ல. யாராவது பாக்கற இதழைக் கொஞ்ச நாள் வெச்சிருப்போம். இந்த மீன்வள இதழை ஒருத்தரும் தொட்டதே இல்ல மாமா. வருஷக்கணக்கா ஒரு ஈ காக்கை கிட்டப் போகல."

"நான் படிக்கறேனேம்மா. வாரா வாரம்."

பிரவீணா எழுதுவதை நிறுத்தினாள். "மேசையில விட்டுட்டுப் போவீங்களா?"

"எதுக்கு விடணும்? எடுத்த இடத்துலயே வெச்சிருவேன்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இரவல் குடுக்காத இதழை யாரு படிக்கறாங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க. சாயங்காலம் மேசையில கெடக்கறதை எடுத்துக் கணக்குல ஏத்திட்டுத்தான் அலமாரில வெப்போம். அதுக்குத்தான் அந்த அட்டை. நீங்க திரும்ப வெச்சுட்டீங்கன்னா, நீங்க வரவே இல்லைன்னு அர்த்தம்."

 பூட்டிய இஞ்சினுக்குள் ஸ்பேனரை விட்டவன் யாரோ அல்ல, தானேதான் என்று வைசாகேக்குப் புரிந்துபோனது. ஒளித்து ஒளித்து வைத்துக் காப்பாற்றியதாக நினைத்தாரே, அந்த ஒளித்ததுதான் அதைக் கொல்லப் போகிறது. ஒரே ஒரு வாரம் சோம்பேறியாக இருந்திருக்கலாம்.

"இப்ப விட்டா?"

"கணக்கு முடிச்சு அனுப்பியாச்சு மாமா. அடுத்த வாரம் லாரி வந்துரும். கூழாக்கற எடத்துக்குப் போகுது." அவர் முகத்தைப் பார்த்து அவள் பதறிப்போனாள். "ஆனா எதுவும் தொலையாது. இங்க வாங்க, காட்டறேன். எந்த வருஷம் வேணும் உங்களுக்கு?"

அவர் பதினேழாம் தொகுதி என்றார், படகு இரைச்சல் கட்டுரை என்றார். அவள் தட்டினாள். கண் இமைக்கும் நேரத்தில் பக்கம் திரையில் வந்து நின்றது. அதே எழுத்து, அதே வரைபடம், அதே பக்க எண். வேறு ஏதோ நாட்டு நூலகத்துப் பிரதியைப் படம் பிடித்திருந்தார்கள். ஓரங்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. பக்கத்தின் அடியில் ஒன்றுமில்லை.

"பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு," என்றாள் பிரவீணா, ஆறுதலாக.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல் நாக்கு நுனி வரை வந்தது. அவள் சட்டைப் பையில் ரப்பரின் மூலை எட்டிப் பார்த்தது. நூலகச் சொத்தில் கிறுக்கியவன் என்று அவன் பெயர் அவள் வாயில் விழ வேண்டுமா, இறந்த பிறகு அவனுக்கு இந்தக் கெட்ட பெயர் வேறு வேண்டுமா என்று நினைத்தார். பழக்க தோஷத்தில் அங்கேயே அழித்தும் விடுவாள். வைசாகே நன்றி சொல்லிவிட்டு எழுந்தார்.

வாசலில் நெமானி கேலிக்குத் தயாராக இருந்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டான்.

"என்னாச்சு மச்சான்?"

"ஒரு புத்தகம் வேணும். அவங்க தூக்கிப் போடற புத்தகம். எப்படிக் கேக்கறது?"

"கேக்கற மாதிரி கேளுங்க. வெறுங்கையோட போய் நின்னா வெறுங்கையோடதான் அனுப்புவாங்க. வேர் கொண்டுபோங்க."

"ஆபீசுக்குள்ளயா?"

"ஆபீசுக்குள்ள மட்டும் என்ன, வெளிநாடா?"

திங்கட்கிழமை வைசாகே சந்தையில், ஒருவரிடம் எதையும் முறையாகக் கேட்கும்போது முன்னால் வைக்கும் யங்கோனா வேரில் நல்ல கட்டு ஒன்று பார்த்து வாங்கினார். தேவாலயத்துக்கு உடுத்தும் சுலு வேட்டியைக் கட்டிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு நூலகத்துக்கு வந்தார். பிரவீணாவின் மேசைக்கு முன்னால், கம்பளத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வேர்க்கட்டை முன்னால் வைத்தார். மாணவர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்; பார்த்ததும் தாங்களும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

பிரவீணா நாற்காலியிலிருந்து எழுந்தாள். நிற்பது சரியில்லை என்று அவளும் தரையில் இறங்கி உட்கார்ந்தாள். வேரைத் தொட்டால் கேட்டதைக் கொடுத்தாக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அவளுடைய கரும்புக்காட்டு நிலமே அப்படி ஒரு வேரை வைத்துக் கேட்டு அவள் குடும்பத்துக்கு வந்த குத்தகைதான்.

"இது சின்ன வேர்," என்று வைசாகே முறைப்படி தாழ்த்திச் சொன்னார். "வலு இல்லாத வேர். இதைக் கொண்டுவந்தவனும் பெரிய ஆள் இல்ல. அந்தப் பதினேழாம் தொகுதிய லாரில ஏத்தாம எங்கிட்டக் குடுத்துடணும்."

"அது எதுக்கு மாமா உங்களுக்கு?"

"என் பையன் இங்க படிச்சான். அது அவன் படிச்ச புத்தகம்."

"இப்ப எங்க இருக்கான்?"

"கடல்ல," என்றார் அவர்.

 அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வேர்க்கட்டைத் தொட்டாள். "வெள்ளிக்கிழமை வாங்க," என்றாள்.

இடையில் நடந்ததை நெமானிதான் வெள்ளிக்கிழமை வாசலில் வைத்துச் சொன்னான். நூலகச் சொத்தை ஆளுக்கு ஆள் தூக்கிக் கொடுக்க முடியாது, விதி இல்லை என்று இயக்குநர் மறுத்துவிட்டாராம். கூழாக்குவதற்கு மட்டும் விதி இருக்கிறதா என்று பிரவீணா கேட்டாளாம். குரல் மாடிப்படி வரைக்கும் கேட்டதாம்.

"'வேரை நான் தொட்டுட்டேன் சார், இனி நீங்க குடுக்கலன்னா நான் இந்த ஊர்ல தலைகாட்ட முடியாது'ன்னு அந்த வேரை அவர் மேசையிலயே வெச்சுட்டுச்சாம் மச்சான். அந்த மனுஷன் பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டுட்டார். உங்க தீவுக்காரனுக்காக ஒருத்தர் சண்டை போடறதை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

 வைசாகே நெமானியின் தோளைத் தட்டிவிட்டு ஏறினார். நன்றியில் நெஞ்சு நிறைந்து போயிருந்தது. இந்தப் பெண்ணிடம் முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டார்.

மாடியில் அலமாரிகள் இல்லை. அவை நின்ற இடத்தில் கம்பளம் மட்டும் புதிதுபோல் பளிச்சென்று நீள நீளமாகக் கிடந்தது. ஜன்னலோர மேசை இன்னும் இருந்தது. பிரவீணா அங்கேதான் காத்திருந்தாள். மேசைமேல் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, நூல் போட்டுக் கட்டிய பொதி.

"பிரிங்க மாமா."

அவர் பிரித்தார். கழன்றிருந்த முதுகு புதிதாக ஒட்டியிருந்தது. மடங்கிய அட்டை மூலைகளைச் சீர் செய்திருந்தாள். முதல் பக்கத்தில் 'நீக்கப்பட்டது' என்று முத்திரை, அதற்குக் கீழே இயக்குநரின் கையெழுத்து. யாரும் திருட்டுச் சொத்து என்று சொல்ல முடியாது.

"ஒரு நாள் பூரா உக்காந்து பண்ணினேன்," என்றாள் பிரவீணா. அவள் முகம் சந்தோஷத்தில் மலர்ந்திருந்தது. "யாரோ ஒரு தறுதலை நடுவுல பக்கம் பக்கமா பென்சில்ல கிறுக்கி வெச்சிருந்தான் மாமா. உங்க பையன் ஞாபகமா உங்க வீட்டுக்குப் போற புத்தகம், அப்படியேவா போறது? ஒரு எழுத்து விடாம துடைச்சுட்டேன்."

வைசாகேயின் கை தானாகவே அந்தப் பக்கத்தைத் திறந்தது. வெள்ளை. திரையில் பார்த்த அதே வெள்ளை. கோபமான அந்தக் கேள்விக்குறி இல்லை. அடியில் ஒன்றும் இல்லை.

அவளைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது. குனிந்து அழிக்கிறவளுக்கு எழுத்து எழுத்தாகத் தெரியாது, அழுக்காகத்தான் தெரியும். இப்படிப்பட்ட மனிதர் வீட்டுப் பிள்ளை கிறுக்கியிருப்பான் என்று அவள் கனவிலும் நினைத்திருக்க மாட்டாள். ஒரு வார்த்தை சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தவர் அவர்தான். இரண்டாம் தடவையும் அவருடைய ஜாக்கிரதைதான் அவனுக்கு வினையாக முடிந்தது. எமோரி இன்னொரு முறை மூழ்கிப்போன மாதிரி இருந்தது அவருக்கு. அழக்கூடாது, இவள் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்தார்.

கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் முறை ஒன்று இருக்கிறது. உள்ளங்கைகளைக் குழித்து, ஆழமான ஓசை வரும்படி அவர் மூன்று முறை தட்டினார். "நல்லா இருக்கும்மா. ரொம்பச் சுத்தமா இருக்கு. நீ நல்லா இருக்கணும்," என்றார்.  பிரவீணா கண்கலங்கி, மேசைக்குத் திரும்பிப் போனாள்.

இனிச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். சொன்னால் அவள் வாழ்நாள் முழுக்கச் சுமப்பாள்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று நாற்காலியை இழுத்துக்கொண்டார்.  வெளியே மழை பிடித்திருந்தது. பழக்கத்தில் விரல் ஓரத்துக்குப் போயிற்று, மேலிருந்து கீழாக நகர்ந்தது. பக்கத்தின் அடியில் வந்தபோது நின்றது.

தட்டுப்பட்டது.

மறுபடி தடவினார். காகிதத்தில் பள்ளம் இருந்தது. ரப்பர் கரியைத்தான் எடுத்திருந்தது. அழுத்தியதை எடுக்க அதனால் ஆகவில்லை. பட்டறையில் பழைய இஞ்சின்களில் எண் தேய்ந்துபோயிருக்கும். சுண்ணக்கட்டியைப் படுக்கப் போட்டுத் தேய்த்தால் எண் எழுந்து வரும். அதைப் பட்டறைக்கு வந்த முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நூலகத்துக் குறிப்புச் சீட்டுகளோடு மேசையில் ஒரு கட்டைப் பென்சில் கிடந்தது. வைசாகே அதை எடுத்து, நுனியைச் சாய்த்து, பக்கத்தின் அடியில் லேசாகத் தேய்க்க ஆரம்பித்தார்.

"மாமா."

பிரவீணா பாதி அறையைத் தாண்டி வந்துவிட்டாள். அவளால் தாங்க முடியவில்லை. "மாமா, என்ன பண்றீங்க? இப்பத்தானே துடைச்சேன். உங்க புத்தகந்தான், நான் இல்லேங்கல, ஆனா அதுல போய் நீங்களே..."

அவர் நிறுத்தவில்லை. இந்த ஒரு வரிக்காக யார் திட்டினாலும் பரவாயில்லை என்றிருந்தது. சாம்பல் நிறம் பரவப் பரவ அதற்குள் எழுத்துகள் வெள்ளையாக எழும்பி வந்தன. முதலில் ஒரு கோடு, பிறகு ஒரு வளைவு, பிறகு சொல். பிரவீணாவுக்கு வைசாகேயின் மொழி பேச்சளவுக்குத் தெரியும், படிக்கவும் கொஞ்சம் வரும். உதடு அசைய அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'இஞ்சின் சத்தம் - அப்பாவைக்...' 

அவள் கை சட்டைப் பைக்குப் போனது. ரப்பரை எடுத்து என்ன செய்வது என்று தெரியாதவள்போல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான்தானே," என்றாள். "நானே உக்காந்து..."

"உக்காரு மகளே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மாமா? ஒரே ஒரு வார்த்தை."

"சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். தப்பு ஒன்னோடது இல்ல."

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் அழுது முடிக்க விட்டார். பிறகு தொகுதியை அவள் பக்கம் நகர்த்தினார். இருவருமாக அடுத்த பக்கங்களைப் பார்த்தார்கள். அவள் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் காட்ட, அவர் தேய்த்தார். 'வரைபடம் மோசம்' வந்தது. கேள்விக்குறி முழுதாக வந்தது, கோபம் குறையாமல். சில இடங்களில் ஒன்றும் வரவில்லை. அங்கெல்லாம் அவன் அவசரத்தில் லேசாக எழுதியிருப்பான் போலிருக்கிறது. எவ்வளவு தேய்த்தும் சாம்பல் நிறம்தான் மிஞ்சியது, அந்த வரிகள் போனது போனதுதான். 'எங்கள் கடலுக்கு' என்பது வந்து, அதற்கடுத்தது வரவில்லை. ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் பிரவீணாவின் முகம் சுருங்கியது. வைசாகே அந்த வரிகளை நினைவிலிருந்து அவளுக்குச் சொன்னார்.

மழை விடவில்லை. கீழே நெமானி யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். பிரவீணா திரும்ப முதலில் தேய்த்த பக்கத்துக்கு, அந்த அடி வரிக்கு வந்தாள்.

"என்ன கேக்கணும்னு இருந்தான் மாமா?"

"இஞ்சின் சத்தத்துக்கு மீன் ஓடிருமான்னு இருக்கும். இந்த ஆள் இங்க அதைத்தான் எழுதியிருக்கார்."

"ஓடுமா?"

வைசாகே அந்தக் கேள்விக்கு எத்தனையோ வெள்ளிக்கிழமைகளாகப் பதில் வைத்திருந்தார். வாய்விட்டுக் கேட்டவர்கள் இதுவரை யாரும் இல்லை.

"ஓடும்," என்றார். "ஆனா அணைச்சுட்டுச் சத்தமில்லாமக் காத்திருந்தா, கொஞ்ச நேரத்துல திரும்பி வந்துரும். எல்லாம் வந்துரும்." பென்சிலை மேசையில் வைத்தார். "வந்து கேட்டிருந்தான்னா சொல்லியிருப்பேன்."